முதல் நர்ஸ் வேலை: லெட்டர்ல 20,366, கைக்கு 12,665. நடுவுல என்ன ஆச்சு?

நர்சிங் முடிச்சுட்டு முதல் வேலைக்கு ஆபர் லெட்டர் வாங்கி வச்சிருக்கறவங்களுக்காக எழுதறேன். நீங்க வேற துறையில இருந்தாலும் பரவாயில்லை. பாண்ட் போடற எந்தக் கம்பெனிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இல்லைன்னா உங்க வீட்டுல ஒரு தங்கச்சியோ மச்சினியோ இப்போ இதே லெட்டரைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க.

போன மாசம் ஸ்ரீரங்கத்துல இருந்து ஒரு பொண்ணு அப்பாவோட ஆபீசுக்கு வந்தாங்க. அப்பா கடை வச்சிருக்கார், அவருக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடறது நான்தான். பொண்ணு ஜிஎன்எம் முடிச்சு, தமிழ்நாடு நர்சஸ் கவுன்சில்ல பதிவும் பண்ணிட்டாங்க. கையில ரெண்டு வேலை. ஒண்ணு ஆத்துக்கு அந்தப் பக்கம், திருச்சி டவுன்ல 150 படுக்கை இருக்கற தனியார் ஆஸ்பத்திரி. இன்னொண்ணு ஸ்ரீரங்கத்துலயே, வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல, 30 படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி. அங்கே மாசம் 15,000, கையில பணமா, வவுச்சர்ல கையெழுத்து.

"அண்ணா, பெரிய ஆஸ்பத்திரியில வருஷத்துக்கு ரெண்டரை லட்சம் கிட்ட தர்றாங்க. அப்பா சின்ன ஆஸ்பத்திரிக்கே போன்னு சொல்றார்"னு ஆரம்பிச்சாங்க. அப்பா சொன்னது முதல்ல எனக்குத் தப்பாப் பட்டுது. லெட்டரை வாங்கிப் படிச்சதும் அவர் ஏன் சொல்றார்னு புரிஞ்சுது.

லெட்டர்ல சிடிசி 2,44,392. அதாவது மாசம் 20,366. இதை அப்படியே சம்பளம்னு நினைச்சுக்காதீங்க. இதுல ஆஸ்பத்திரி கட்டற பிஎஃப் பங்கும் அதுக்கான நிர்வாகச் செலவும் 1,300, இஎஸ்ஐ பங்கு 585, கிராஜுவிட்டின்னு 481. இந்த மூணையும் எடுத்துட்டா மொத்தச் சம்பளம் 18,000. அந்த 481 இருக்கே, நிரந்தர ஊழியருக்குப் பொதுவா 5 வருஷம் இருந்தாத்தான் கிடைக்கும். ரெண்டு வருஷத்துல கிளம்பப் போறவங்களுக்கு அது வெறும் எண்ணு.

18,000-ல இருந்து பொண்ணோட பங்கு பிஎஃப் 1,200 (அடிப்படைச் சம்பளம் 10,000-க்கு 12 சதவீதம்), இஎஸ்ஐ 135 (0.75 சதவீதம்). மீதி 16,665. இது நியாயமான பிடித்தம்தான், குறை சொல்ல மாட்டேன். மாசம் 135 ரூபாய்க்கு உங்களுக்கும், வருமானம் ரொம்பக் குறைவா இருந்தா உங்களைச் சார்ந்த அப்பா அம்மாவுக்கும் மருத்துவம் கிடைக்குது. இந்த விலைக்கு எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் பாலிசி தராது. மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இருக்கறவங்களுக்குத்தான் இஎஸ்ஐ. முதல் வேலை நர்ஸ் பலரும் இதுக்குள்ள வந்துடுவாங்க.

அதுக்கு அப்புறம்தான் விஷயம். ஹாஸ்டலும் சாப்பாடும் 3,000, யாரும் கேட்காமலே பிடிச்சிருந்தாங்க. மீதி 13,665. 'பாதுகாப்பு வைப்பு'ன்னு பத்து மாசத்துக்கு மாசம் 1,000. மீதி 12,665. படிச்ச கடன் வட்டியோட சேர்ந்து ரெண்டரை லட்சம் நிக்குது. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துல கட்ட ஆரம்பிக்கணும். 10 சதவீத வட்டியில 7 வருஷத்துக்குப் போட்டா இஎம்ஐ சுமார் 4,150. ஆக, நைட் டூட்டி பார்க்கற பொண்ணு கையில 8,515.

சின்ன ஆஸ்பத்திரியில முழுசா 15,000. இஎம்ஐ போனாலும் 10,850. அப்பா சொன்னதுல தப்பே இல்லை, இல்லையா?

இங்கேதான் நிறுத்தி யோசிக்கச் சொன்னேன். முதல் வேலையில நீங்க சம்பாதிக்கறது ரெண்டு விஷயம். ஒண்ணு சம்பளம். இன்னொண்ணு, போகும்போது கையில எடுத்துட்டுப் போற காகிதம். நர்சிங்ல அந்தக் காகிதத்துக்கு ரொம்ப மதிப்பு உண்டு.

எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நர்சிங் ஆபீசர் எடுக்கற நார்செட் தேர்வைப் பாருங்க. பிஎஸ்சி நர்சிங் முடிச்சவங்க நேரா எழுதலாம். ஜிஎன்எம் முடிச்சவங்களுக்கு ரெண்டு வருஷ அனுபவம் வேணும், அதுவும் குறைஞ்சது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில. அந்த வேலைக்கு அடிப்படைச் சம்பளமே 44,900-ல ஆரம்பிக்குது, அகவிலைப்படி தனி. இப்போ 30 படுக்கை ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷம் உழைச்சா? வேலை கத்துக்கலாம், நல்ல பேரும் எடுக்கலாம். ஆனா அந்தத் தேர்வுக்கு அந்த ரெண்டு வருஷம் பூஜ்யம். நடந்து போற தூரத்துல இருக்கற 15,000-ஓட உண்மையான விலை இதுதான். அதோட பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை, வவுச்சர் தவிர அங்கே வேலை பார்த்ததுக்குச் சாட்சியும் இல்லை. 10 பேர் வேலை பார்த்தாலே இஎஸ்ஐ வரும், 20 பேர் இருந்தா பிஎஃப் வரும். சின்ன ஆஸ்பத்திரிதானேன்னு நாமளே விட்டுக் கொடுத்துடறோம்.

சம்பளமே குறைவுன்னு தோணுதா? குறைவுதான். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களோட சம்பளத்தைப் பார்க்கச் சொல்லி 2016 ஜனவரியில உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவு போட்டுது. அப்படி அமைஞ்ச குழு, 50 படுக்கைக்குக் கீழே இருந்தாக்கூட 20,000-க்குக் குறையக் கூடாதுன்னு சொல்லுச்சு. 100 படுக்கைக்கு மேல இருந்தா, அதே நிலையில இருக்கற அரசு நர்ஸ் சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல குறையக் கூடாது. 200-ஐத் தாண்டினா அரசுச் சம்பளத்துக்குச் சமம். கேட்க நல்லா இருக்கு. ஆனா இது பரிந்துரைதான், நிறைவேத்தறது மாநிலங்கள் கையில. கேரளா 2018-ல குறைந்தபட்சம் 20,000-னு அறிவிக்கை போட்டுது. நம்ம ஊர்ல அரசே 2015-ல எம்ஆர்பி தேர்வு வச்சு எடுத்த ஒப்பந்த நர்ஸ்களுக்கு 7,700-ல ஆரம்பிச்சு, 14,000 ஆக்கி, அப்புறம்தான் 18,000-க்கு வந்துது. அதனால எச்ஆர்கிட்ட இந்தப் பரிந்துரையைக் காட்டிச் சண்டை போடறதுல பலன் கிடையாது. பேசி மாத்தக்கூடியது வேற இருக்கு.

ஒரிஜினல் சர்டிபிகேட்

லெட்டர்ல நாலாவது பக்கத்துல ஒரு வரி: 'பணியில் சேரும் நாளில் அசல் சான்றிதழ்கள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும்.' இதைத் தாண்டிப் போயிடாதீங்க. பாண்ட் தொகையைவிட இது பெரிசு. நார்செட்டோ எம்ஆர்பியோ வெளிநாட்டு வேலையோ, எதுவானாலும் சரிபார்ப்புக்கு ஒரிஜினல் வேணும். அது வேற ஒருத்தர் பீரோவுல இருந்தா, நீங்க எங்கே விண்ணப்பிக்கறீங்கங்கறதே அவங்க அனுமதியில நடக்கும்.

கல்விச் சான்றிதழ் விற்கற பொருள் கிடையாது, பாக்கிக்காக ஒப்பந்தச் சட்டம் 171-வது பிரிவைக் காட்டி அதைப் பிடிச்சு வைக்க முடியாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் டாக்டர்கள் வழக்குல சொல்லியிருக்கு. ஆனா வேலைக்குச் சேர்ற அன்னிக்கு ஒரு 22 வயசுப் பொண்ணு கோர்ட் தீர்ப்பு பேச முடியாது, அது எனக்கும் தெரியும். அதனால சேர்றதுக்கு முன்னாடியே மெயில்ல கேளுங்க: "ஒரிஜினலை எடுத்துட்டு வர்றேன், சரிபார்த்துட்டு அன்னிக்கே திருப்பித் தந்துடுங்க. சுய சான்றொப்பம் போட்ட நகல் தர்றேன்." மரியாதையா ரெண்டு வரி போதும். அப்படியும் வாங்கித்தான் வைப்போம்னா, என்னென்ன வாங்கினாங்கன்னு பட்டியல் போட்டு, கையெழுத்தும் சீலும் வச்சு ரசீது வாங்காம கொடுக்காதீங்க.

பாண்ட்

ரெண்டு வருஷம், நடுவுல போனா ஒரு லட்சம். இதைக் கேட்டதும் எல்லாரும் ஒண்ணு சொல்வாங்க: "பாண்டெல்லாம் செல்லாது, கையெழுத்துப் போட்டுட்டுப் போ." தயவுசெஞ்சு இதை நம்பாதீங்க. 2025 மே மாசம் விஜயா பேங்க் வழக்குல, மூணு வருஷத்துக்கு முன்னாடி வேலையை விட்டவர் ரெண்டு லட்சம் கட்டணுங்கற நிபந்தனை செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அது பொதுத்துறை பேங்க். ஆள் எடுக்கற செலவு, நடைமுறையெல்லாம் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. எல்லா ஆஸ்பத்திரிக்கும் அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி, எழுதின தொகை ஒரு உச்சவரம்புதான், அதுக்குள்ள நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். இருந்தாலும் 'செல்லவே செல்லாது'ங்கற காலம் போயிடுச்சு.

கணக்காப் பாருங்க. 14-வது மாசம் முடிஞ்சதும் கிளம்பறீங்க, முழு ஒரு லட்சமும் கட்டறீங்க. 14 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 7,143. ஹாஸ்டல் போக வந்த 13,665-ல இதைக் கழிங்க. நீங்க உண்மையில வேலை பார்த்த சம்பளம் மாசம் 6,522.

இதைச் சரி பண்ண ஒரே ஒரு வாக்கியம் போதும்: 'மீதமுள்ள மாதங்களுக்கு மட்டும் விகிதாசாரப்படி.' அப்போ ஒரு மாசத்தோட விலை 4,167. பதினெட்டு மாசம் முடிச்சுட்டுப் போனா ஒரு லட்சம் இல்லை, 25,000. பல எச்ஆர் இதுக்கு ஒத்துக்கறாங்க. ஏன்னா அவங்களுக்கு வேண்டியது ஆள் நிக்கணுங்கறது, உங்க ஒரு லட்சம் இல்லை.

அந்த மாசம் 1,000 டெபாசிட்டும் எனக்கு உறுத்தலாவே இருந்துது. சம்பளத்துல இருந்து எதையெல்லாம் பிடிக்கலாம்னு சட்டத்துல பட்டியலே இருக்கு. பாண்டுக்கு டெபாசிட்ங்கறது அந்தப் பட்டியல்ல கிடையாது. 2025 நவம்பர் 21-ல இருந்து புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தாச்சு. நியமனக் கடிதம் எல்லாருக்கும் கட்டாயம், வேலையை விட்டா ரெண்டு வேலை நாளுக்குள்ள பாக்கிச் சம்பளம் தரணும். தெரிஞ்சு வச்சுக்கங்க.

கடைசியில என்ன ஆச்சு

நாங்க மூணு பேரும் உட்கார்ந்து ஒரு மெயில் எழுதினோம். அஞ்சு விஷயம் கேட்டோம். ஒரிஜினலைச் சரிபார்த்துத் திருப்பித் தரணும். பாண்ட் விகிதாசாரப்படி. வீடு ஸ்ரீரங்கத்துல இருக்கறதால ஹாஸ்டல் வேண்டாம். டெபாசிட் வேண்டாம். அனுபவச் சான்றிதழ்ல படுக்கை எண்ணிக்கையும், எந்த வார்டுல எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரைன்னும் போட்டுத் தரணும். இந்த அஞ்சாவதை யாருமே கேட்கறதில்லை. நார்செட்டுக்கு '50 படுக்கை'ங்கறதை நாளைக்கு நிரூபிக்க வேண்டியது நீங்கதானே.

நாலு நாள் பதில் இல்லை. அப்பாவுக்குப் பயம், வேலையே போயிடுமோன்னு. அஞ்சாவது நாள் போன் வந்துது. ஒரிஜினலுக்குச் சரி, விகிதாசாரத்துக்குச் சரி, அனுபவச் சான்றிதழுக்கும் சரி. ஹாஸ்டல் விருப்பம்தான்னு சொல்லிட்டாங்க. டெபாசிட்டை மட்டும் விடலை. கடைசிச் சம்பளத்தோட திருப்பித் தருவோம்னு லெட்டர்ல எழுதிக் கொடுத்தாங்க. நானா இருந்தா இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்திருப்பேன். பொண்ணுக்கு வேலை வேணும், சரின்னுட்டாங்க.

இப்போ கைக்கு 15,665, பத்து மாசம் கழிச்சு 16,665. இஎம்ஐ போனா முதல்ல 11,515. ஒண்ணாம் நம்பர் பஸ்ல வர்றாங்க, சாதாரண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைங்கறது இங்கே நிஜமாவே மிச்சம். நைட் டூட்டி அன்னிக்கு அப்பா வண்டியில கொண்டு விடறார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தொழில் வரி கொஞ்சம் பிடிப்பாங்க, பயப்பட வேண்டாம். வருமான வரி இந்தச் சம்பளத்துக்குக் கிடையாது. 'கன்சல்டன்ட்'னு போட்டு டிடிஎஸ் பிடிச்சா மட்டும் ரிட்டர்ன் தாக்கல் பண்ணித் திரும்ப வாங்கிடுங்க. அப்படியே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி யார் செலவுன்னும் கேட்டுடுங்க. ஊசி குத்திக்கிட்ட அப்புறம் கேட்கற கேள்வி இல்லை அது.

இன்னொரு பணம் இருக்கு, பலருக்குத் தெரியறதில்லை. பிரதம மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா. 2025 ஆகஸ்ட் 1-ல இருந்து 2027 ஜூலை 31-க்குள்ள வாழ்க்கையில முதல் தடவையா பிஎஃப் கணக்கோட வேலைக்குச் சேர்ந்தா, தகுதி இருந்தா, ஒரு மாச பிஎஃப் சம்பளம் (அதிகபட்சம் 15,000) அரசு தருது. ரெண்டு தவணை: ஆறு மாசம் முடிஞ்சு ஒண்ணு, ஒரு வருஷம் முடிஞ்சு நிதி அறிவு வகுப்பையும் முடிச்சா இன்னொண்ணு. இந்தப் பொண்ணுக்கு 10,000. வவுச்சர் சம்பளத்துல சேர்ந்திருந்தா இது கிடைச்சிருக்காது. யுஏஎன் நம்பரை உமங் ஆப்ல முகம் காட்டி நீங்களே எடுங்க, ஆஸ்பத்திரி எடுத்துத் தரும்னு காத்திருக்காதீங்க.

முதல் சம்பளம் வந்த அடுத்த மாசக் கடைசியில பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்க. அடிப்படை 10,000-னா உங்க பங்கு 1,200, ஆஸ்பத்திரி பங்கு 367, பென்ஷன் 833-னு மூணு எண் இருக்கணும். சம்பள ரசீதுல பிடிச்சிருக்கு, பாஸ்புக்ல வரலைன்னா, ரெண்டோட ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அன்னிக்கே எச்ஆருக்கு மெயில் போடுங்க. போன்ல கேட்டுட்டு விட்டுடாதீங்க.