உழைச்செல்வார் கடமை: நோயாளர் பேணலில் முந்துவது அறிதல்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குங்கால் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவன் ஒருவன், அதனைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, பக்கத்திருந்து ஆவன செய்யும் உழைச்செல்வான் ஒருவன். முதல் மூன்றையும் பற்றி நாம் நிரம்பப் பேசுகின்றோம். நான்காமவரை, இக்காலத்திலே தாதி என வழங்கப்படுபவரை, வைத்தியர் ஏவியதைச் செய்பவர் என்ற அளவிலேயே அறிந்து வைத்திருக்கின்றோம். அவ்வெண்ணம் எத்துணைக் குறையுடையது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வைத்தியர் குறித்த வேளைகளில் விடுதியைச் சுற்றி வருவர். எஞ்சிய பொழுதெல்லாம் நோயாளியின் அருகிலிருப்பவர் தாதியே. நோய் திரும்பும் கணத்தை முதலிற் காண்பவரும் அவரே. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859ஆம் ஆண்டில் தாதியியல் பற்றி எழுதிய நூலிலே நோயாளியை உற்றுநோக்குதலுக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தமை இதுபற்றியே. காண்பது முதற்படி, கண்டவற்றுள் எது முந்துவது, எது பிந்துவது எனத் துணிதல் இரண்டாம்படி. இரண்டாவதே அரிது.

ஓர் உதாரணத்தால் இதனை ஆராய்வோம். வன்னியில் ஒரு வைத்தியசாலை, விடியற்காலம், தாதி ஒருவர், அவர்முன் நோயாளர் நால்வர். உழவு இயந்திரத்திலிருந்து வீழ்ந்து கால் முறிந்த ஒருவர் விடுதியே அதிரக் கதறுகின்றார். டெங்குக் காய்ச்சலில் நான்காம் நாளைக் கழித்த இளைஞர் ஒருவர், காய்ச்சல் விட்டுவிட்டது, வீடு செல்ல விடுங்கள் என்கின்றார். இன்சுலின் ஏற்றிய பின் உணவு கொள்ளாத மூதாட்டி ஒருவர் வியர்த்து நடுங்குகின்றார். வயற்காவற் கொட்டிலிலே வெறுந்தரையில் உறங்கிய சிறுவன் ஒருவன் வயிற்றுவலி என்று வந்து, அரைக்கண் மூடியவனாய்ப் பேசாது கிடக்கின்றான். தாதி யாரிடம் முதலிற் செல்லல் வேண்டும்?

கதறுபவரிடம் என்றே நம்முட் பலர் கூறுவோம். ஆயின் கதறுவதற்கு மூச்சு வேண்டும், உணர்வும் வேண்டும். அவ்விரண்டும் அவரிடத்து உள. சிறுவனின் நிலையோ வேறு. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைத் தீண்டுவது. அதன் கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவு. பல்லின் தடமும் புலப்படாது போகலாம். வயிற்றுவலியே முதற்குறியாகத் தோன்றுவதுண்டு. பின்னர் இமைகள் சோர்ந்து தாழும், விழுங்கல் அரிதாகும், ஈற்றில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். சோம்பல் எனத் தோன்றிய அந்த அரைக்கண் பார்வை நஞ்சின் அடையாளமாகலாம். ஆகவே முதலிடம் சிறுவனுக்கே.

இரண்டாவது இளைஞர். டெங்கு நோயில் காய்ச்சல் தணியும் வேளையே இடர் மிகுந்த வேளை. குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிய, நாடி மெலியும், கைகால் குளிரும், சிறுநீர் குறையும். குருதியமுக்கத்தின் மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 20 அல்லது அதனிற் குறைந்தால் அது பேரிடரின் அறிகுறி. காய்ச்சல் விட்டது என மகிழும் உறவினர்க்கு இது விளங்காது. தாதிக்கு விளங்கல் வேண்டும்.

மூதாட்டிக்கு வேண்டியது சர்க்கரை. அவர் தெளிவோடு விழுங்கக்கூடியவராயின், சிறுவனிடம் விரையும்போதே ஓர் உதவியாளரிடம் இனிப்பு நீர் கொடுக்கச் சொல்லிவிடலாம். எதனைத் தானே செய்வது, எதனைப் பிறரிடம் ஒப்படைப்பது என்பதும் இத்தீர்மானத்தின் ஒரு கூறே. கால் முறிந்தவர் இறுதியில் வருகின்றார். எனினும் அவரது பாதம் வெளிறிக் குளிர்ந்து உணர்விழக்குமாயின் வரிசை மாறும். வரிசை கல்லில் வெட்டிய எழுத்தன்று. நாழிகைதோறும் திருத்தி எழுதப்படுவது.

இவ்வரிசையின் அடிப்படை எளிதே. மூச்சுவழி, மூச்சு, குருதியோட்டம், உணர்வு என்னும் நான்கும் முறையே முந்துவன. மூச்சின் எண்ணிக்கை, குருதியின் ஒட்சிசன் அளவு, குருதியமுக்கம், நாடி, உணர்வு, உடல் வெப்பம் ஆகிய ஆறுக்கும் புள்ளியிட்டுக் கூட்டும் முன்னெச்சரிக்கை முறையொன்று 2012ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வகுக்கப்பட்டது. புள்ளி துணை செய்யும். ஆனால் சிறுவன் எங்கே உறங்கினான் என்று வினவுமாறு அது தாதியை ஏவாது. அவ்வினா இந்நாட்டையும் இம்மண்ணையும் அறிந்தவர் நெஞ்சிலேயே பிறக்கும்.

மண் மாறாவிடினும் நோய் மாறும். மலேரியாவுக்குப் பேர்போனது நம் வன்னி. 2016ஆம் ஆண்டு செப்தெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. முன்னர்க் குளிர்காய்ச்சல் என்றவுடன் மலேரியா என எண்ணிய நெஞ்சம், இன்று டெங்கையும் எலிக்காய்ச்சலையும் முதலில் எண்ணல் வேண்டும். அனுபவமும் காலத்தோடு புதுக்கப்பட வேண்டியதே.

இத்தீர்மானம் எத்துணைக் கொடிய சுமையாகவும் அமையலாம் என்பதை 2009ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. போர் நெருங்க நெருங்க வைத்தியசாலைகள் இடம்பெயர்ந்தன. புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என அவை ஒதுங்கின. அவ்வாண்டு பெப்ருவரி முதல் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு காயமுற்றோரைக் கடல்வழியே திருகோணமலைக்குக் கொண்டுசென்றது. கப்பலில் இடம் சில, காத்திருந்தோர் பலர். அமைதிக்கால விடுதியில் நான்காமவர் சற்றே காத்திருப்பார். அங்கோ காத்திருத்தலே முடிவாகலாம். அச்சுமையைத் தாங்கிப் பணியிலிருந்தோரை நாம் மறத்தல் ஆகாது.

இதில் நமக்கும் பங்குண்டு. கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையே 70 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு. உட்கிராமங்களோ பெருவீதியிலிருந்து இன்னும் விலகியவை. ஆதலின் நோயாளியோடு செல்பவர் கொண்டுசெல்லும் செய்தியே பலகால் முதல் மருந்தாகின்றது. எப்பொழுது தொடங்கியது, எங்கே உறங்கினார், இறுதியாக எப்போது உண்டார், சிறுநீர் எப்போது கழித்தார், எம்மருந்து உட்கொண்டார் என்னும் ஐந்தையும் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். நம்மவரைக் கடந்து வேறொருவரிடம் தாதி விரைந்தால், புறக்கணித்தார் என வெகுளாது, நம்மவரினும் இடருற்ற ஒருவர் அங்குள்ளார் என உணர்தல் வேண்டும்.

மாணவரே, உங்களுட் சிலர் இப்பணியை மேற்கொள்வீர்கள். உரத்த குரலைக் கேட்பது எவர்க்கும் எளிது. ஓசையற்றவனின் துன்பத்தைக் காண்பதே உழைச்செல்வாரின் கல்வி. அக்கல்வியைக் குறைவறப் பெறுவீர்களாக.