செயின் தளர்ந்தால் யார் கவனிப்பது?
தானாக இறுக்கும் ஹார்வெஸ்டரும், கையால் இறுக்கும் ரம்பமும்

சவுக்குத் தோப்பில் வெட்டு நடக்கும் நாட்களில் அடிக்கடி காணும் காட்சி இது. காலையில் செயின் ரம்பத்தைச் சரியாக இறுக்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். கொஞ்ச நேரத்திலேயே பாரின் அடியில் செயின் தொங்க ஆரம்பிக்கிறது. ‘இன்னும் நாலு மரம்தானே’ என்று அப்படியே அறுப்பவர்கள் உண்டு. செயின் கழன்று விழுவதும், பார் தேய்ந்து வீணாவதும், கை கால் காயப்படுவதும் பெரும்பாலும் இந்த நாலு மரத்தில்தான்.

இதே தொல்லை ஸ்வீடன், பின்லாந்து காடுகளிலும் உண்டு. அங்கே பைன், ஸ்ப்ரூஸ் மரங்களை வெட்டுவது பெரும்பாலும் ‘ஹார்வெஸ்டர்’ எனப்படும் இயந்திரம். ஒரே ஓட்டுநர் கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்திருப்பார். நீண்ட கையின் நுனியில் உள்ள ‘ஹெட்’ மரத்தைப் பிடித்து, அடியில் அறுத்து, கிளைகளைக் கழித்து, அளந்து துண்டு போட்டுவிடும். அந்த ஹெட்டுக்குள் அறுப்பதும் செயினும் பாரும்தான். நம் கை ரம்பங்களில் 3/8 அங்குலம் அல்லது 0.325 அங்குலச் செயின் அதிகம். அங்கே அதிகம் ஓடுவது 0.404 அங்குலச் செயின்.

செயின் தளரும்போதெல்லாம் ஓட்டுநர் கூண்டைவிட்டு இறங்கி, கொட்டும் பனியில் ஸ்பேனரோடு நிற்க முடியாது. அதற்காக வந்ததுதான் தானாகச் செயினை இறுக்கும் அமைப்பு.

செயின் ஏன் தளர்கிறது?

இரண்டு காரணங்கள். ஒன்று, சூடு. பாரின் மீது உரசி ஓடும்போது செயின் சூடாகி நீள்கிறது. ஆறினால் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். இரண்டு, தேய்மானம். கண்ணிகளை இணைக்கும் ரிவிட்டுகளும் அவற்றின் துளைகளும் தேயத் தேய, ஒவ்வொரு கண்ணியிலும் இம்மி இம்மியாக நீளம் கூடுகிறது. இது திரும்பாது. புதுச் செயின் முதல் சில மணி நேரத்தில் கூடுதலாகத் தளர்வதும் இதனால்தான்.

எண்ணெய் குறைந்தாலும், பல் மழுங்கினாலும் இந்த இரண்டும் வேகமாக நடக்கும்.

தானாக எப்படி இறுக்குகிறது?

நம் ரம்பத்தில் ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் பார் முன்னே நகர்கிறது, செயின் இறுகுகிறது. ஹார்வெஸ்டரில் அந்த ஸ்க்ரூவின் வேலையை ஒரு சின்ன ஹைட்ராலிக் பிஸ்டன் செய்கிறது. பாரைப் பிடித்திருக்கும் தாங்கி நகரும்படி அமைந்திருக்கும். எண்ணெய் அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பாரை முன்னே தள்ளும். பல ஹெட்களில், ஒரு வெட்டு முடிந்து பார் உள்ளே மடங்கும்போதோ, அடுத்த வெட்டு தொடங்கும்போதோ இது நடக்கும். அறுக்கும் நேரத்தில் பார் பின்னுக்கு வராதபடி வால்வு பிடித்துக்கொள்ளும்.

அழுத்தம் அளவாக இருக்க வேண்டும். கூடினால் பாரின் மூக்கும் ஸ்ப்ராக்கெட்டும் சூடாகித் தேயும். குறைந்தால் செயின் பள்ளத்தைவிட்டுக் கழலும். பிஸ்டன் சீல் கசிந்தாலோ, மரத்தூள் அடைத்துத் தாங்கி நகராவிட்டாலோ, தானியங்கி என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

மறைந்து நிற்கும் ஆபத்து

கையால் இறுக்குகிறவருக்கு ஓர் எச்சரிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. ‘நேற்று இரண்டு தரம் திருகினோம், இன்று ஐந்து தரம் திருகுகிறோமே’ என்று கை சொல்லிவிடும். தானியங்கியில் இந்தத் தகவல் வராது. செயின் எவ்வளவு தேய்ந்தாலும் பிஸ்டன் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அறுந்துபோகிற நிலையில் உள்ள செயினும் பார்வைக்கு விறைப்பாகவே நிற்கும்.

அறுந்தால் என்ன ஆகும்? ஹார்வெஸ்டர் செயின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மேல்வரம்பு வேகம் விநாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அறுந்த முனை சாட்டைபோல் சுழலும்போது, அதிலிருந்து ஒரு கண்ணித் துண்டு உடைந்து துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கக்கூடும். இதை ‘செயின் ஷாட்’ என்கிறார்கள். ஓட்டுநர் கூண்டின் ஜன்னல்களுக்குச் சாதாரணக் கண்ணாடி போடாமல் தடித்த பாலிகார்பனேட் பலகை போடுவது இதற்காகத்தான். செயின் ஷாட் தடுப்புகளைச் சோதிக்க 2011இல் ஐ.எஸ்.ஓ. 11837 என்ற தரவிதியே வந்தது. துண்டு பெரும்பாலும் பார் இருக்கும் தளத்திலேயே பறக்கும் என்பதால், பார் கூண்டை நோக்கியோ ஆட்களை நோக்கியோ இருக்கும்போது அறுக்கக் கூடாது என்பது அங்கே பாலபாடம்.

ஆகவே, தானாக இறுக்கும் வண்டியை ஓட்டுகிறவர்களும் இறங்கி வந்து செயினைப் பார்க்கிறார்கள். விரிசல், தளர்ந்த ரிவிட்டு, பார் எவ்வளவு தூரம் முன்னே நகர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் சரிபார்க்கிறார்கள். பார் நகரும் எல்லையைத் தொட்டுவிட்டால் செயின் மாற்ற வேண்டியதுதான். இயந்திரம் எடுத்துக்கொண்டது இறுக்கும் வேலையை மட்டுமே. கவனிக்கும் பொறுப்பு மனிதனிடம்தான் இருக்கிறது.

நம் கையில் உள்ள ரம்பத்துக்கு

நம் ரம்பத்தில் பிஸ்டன் கிடையாது. ஸ்பேனர் இல்லாமல் திருகுகிற சக்கரம் வைத்த மாடல்களிலும் திருகுவது நம் கைதான். முறை இதுதான்:

• இன்ஜினை நிறுத்துங்கள். பேட்டரி ரம்பமானால் பேட்டரியைக் கழற்றுங்கள். கையுறை அவசியம்.

• செயின் ஆறிய பிறகே இறுக்குங்கள். சூட்டில் இறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கி, பாரையும் இன்ஜின் பேரிங்கையும் இழுக்கும். வழியில்லாமல் சூட்டில் இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்துங்கள்.

• பார் நட்டுகளைச் சற்றே தளர்த்தி, பாரின் நுனியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருகுங்கள். நுனியை விடாமலே நட்டுகளை முடுக்குங்கள்.

• செயின் பாரின் அடிப்பக்கத்தை ஒட்டி நிற்க வேண்டும். செயின் பிரேக்கை விடுவித்துக் கையால் இழுத்தால் ஒரு சுற்று முழுவதும் தடையில்லாமல் ஓட வேண்டும்.

• பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் செயின் எண்ணெயை நிரப்பி, இறுக்கத்தையும் பாருங்கள். இன்ஜினிலிருந்து வடித்த கழிவு எண்ணெய் வேண்டாம். அதில் உள்ள இரும்புத் துகள் பாரைத் தின்றுவிடும்.

• சீவல் விழாமல் மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். அரம் போடுங்கள். மண் ஒட்டிய அடிமரமும், முற்றிய தென்னையும் பல்லைச் சீக்கிரம் மழுக்கும்.

• இரண்டு செயின் தேய்ந்தால் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றுங்கள். பழைய ஸ்ப்ராக்கெட் புதுச் செயினைக் கெடுக்கும்.

• ஸ்க்ரூ கடைசிவரை போன பிறகும் செயின் தொங்கினால், கண்ணியைக் கழற்றிச் சுருக்க வேண்டாம். சுத்தியலால் தட்டி ஒட்டிய ரிவிட்டை நம்பவும் வேண்டாம். செயினையே மாற்றுங்கள்.

கூலிக்கு ஆள் வைத்து வெட்டும் விவசாயிகளும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். ‘கடைசியாக எப்போது செயினைப் பார்த்தாய் தம்பி?’ என்ற ஒரு கேள்வி போதும். ஐந்து நிமிடம் வேலை நின்றாலும் பரவாயில்லை. பாருக்கு நேராக யாரும் நிற்காதபடி பார்த்துக்கொள்வது தோப்புக்காரரின் கடமையும்கூட.