குளோஸ்-அப்பில் சாய்ந்த சிலை

2003 ஏப்ரல் 9. அமெரிக்கப் படை நுழைந்திருந்த பாக்தாத்தின் ஃபிர்தௌஸ் சதுக்கத்தில் ஈராக் அதிபர் சதாம் உசேனின் சிலை சாய்ந்ததை உலகமே நேரலையில் பார்த்தது. கழுத்தில் சங்கிலி, ஆரவாரம், உடைந்து விழுந்த தலையைச் செருப்பால் விளாசும் கைகள். திரை முழுக்க மனிதத் தலைகள். ஊரே திரண்டு வந்துவிட்டது என்றுதான் பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

உயரத்திலிருந்து எடுத்த படங்களும் இருக்கின்றன. அவற்றில் சதுக்கத்தின் பெரும்பகுதி காலி. ஓரங்களில் அமெரிக்க டாங்கிகள், நடுவில் சில நூறு பேர், அவர்களிலும் பலர் பத்திரிகையாளர்கள். சிலையை இழுத்துச் சாய்த்தது அமெரிக்க மரைன் படையின் மீட்பு வண்டி. கூட்டத்தை உசுப்பேற்ற ஒலிபெருக்கியோடு உளவியல் போர்ப் பிரிவு ஒன்று அங்கே நின்றதை அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு நூலே பின்னால் பதிவு செய்தது.

அப்படியானால் எல்லாமே செட்டப்பா? அப்படிச் சொல்வது சுலபம், எனக்கு ஒப்பவில்லை. சம்மட்டியால் பீடத்தை உடைக்கப் பார்த்த ஈராக்கியரின் ஆத்திரம் நிஜம். திரையில் வந்த ஒவ்வொரு காட்சியும் நிஜம். லென்ஸை எவ்வளவு நெருக்கமாக வைத்தார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. எங்கே வைத்தார்கள் என்பதிலும்தான். பாக்தாத்தில் சதாம் சிலைகளுக்கா பஞ்சம்? இந்தச் சிலைக்கு எதிரே பாலஸ்தீன் ஹோட்டல் இருந்தது. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் குடியிருந்ததே அங்கேதான். முந்தைய நாள் அதே ஹோட்டலை அமெரிக்க டாங்கி சுட்டதில் இரண்டு ஒளிப்பதிவாளர்கள் இறந்தார்கள். சிலையை நினைவு வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் அவர்களை நினைவு வைத்திருக்கிறார்கள்?

நடுவில் ஒரு மரைன் வீரர் சிலையின் முகத்தில் அமெரிக்கக் கொடியைப் போர்த்தினார். சீக்கிரமே எடுத்துவிட்டார்கள், ஆனால் கேமரா பார்த்துவிட்டது. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டுக்கு அன்றைய காட்சிகள் பெர்லின் சுவர் இடிந்ததை நினைவூட்டின. அரபு வீடுகளில் பலருக்கு அந்தக் கொடி ஆக்கிரமிப்பைச் சொன்னது.

ஃபாக்ஸ் சேனல் அன்று பகல் 11 மணியிலிருந்து இரவு 8 வரை சராசரியாக 4.4 நிமிடத்துக்கு ஒருமுறை சிலை விழும் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டியது. ஆட்டம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் அமெரிக்க வீடுகளில் ஊறிப்போனது. போர்ச் செய்திகள் சுருங்கின. சண்டை மட்டும் ஓயவில்லை. அடுத்த சில நாட்களில் ஈராக்கின் தேசிய அருங்காட்சியகமும் சூறையாடப்பட்டது.

மே 1 அன்று, விமானம் தாங்கிக் கப்பலில் நின்று பெரிய சண்டை முடிந்ததாக ஜார்ஜ் புஷ் அறிவித்தார். அதுவரை இறந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 140 பேர். 2011 டிசம்பரில் படை வெளியேறியபோது கணக்கு ஏறத்தாழ 4,500. ஈராக்கியப் பொதுமக்களின் கணக்கு அப்போதே லட்சத்தைத் தாண்டியிருந்தது.