பைபர் இணைப்பில் பழுது எங்கே வருகிறது?

கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் இருக்கும் ஒரு நான்கு மாடி ஜவுளிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் பில் போடும் கணினிகள், மாடிக்கு மாடி கேமராக்கள், மேலே கணக்குப் பிரிவு, இரண்டு தெரு தள்ளிக் குடோன். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். கணினியிலிருந்து ஸ்விட்ச் வரை இன்றைக்கும் செம்புக் கம்பிதான் ஓடுகிறது. ஒரு ஸ்விட்ச்சை இன்னொரு ஸ்விட்ச்சோடு இணைக்கும்போதுதான் பைபர் கேபிள் தேவைப்படுகிறது.

முதல் காரணம் தூரம். செம்புக் கம்பியில் ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை. லாலி ரோடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற பரந்த வளாகத்தில் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்குப் போவதற்குள் அந்த எல்லை முடிந்துவிடும். இரண்டாவது காரணம் மின்சாரம். மில்லிலும் பவுண்டரியிலும் பெரிய மோட்டார்கள் ஓடும்போது எழும் மின்காந்தத் தொல்லை செம்பில் போகும் தகவலைக் கெடுக்கும். ஐப்பசி மழையில் மின்னல் இறங்கினால், கட்டடங்களுக்கு இடையே ஓடும் செம்புக் கம்பி வழியாகவே இரு பக்கத்து ஸ்விட்ச்சும் கருகிப்போகலாம். பைபர் என்பது கண்ணாடி இழை; கண்ணாடியில் மின்சாரம் பாயாது. எலி கடிக்காமல் இருக்க இரும்புத் தகடு சுற்றிய ஆர்மர்டு கேபிள் போட்டால் மட்டும் அந்தத் தகட்டை எர்த் செய்தாக வேண்டும்.

கண்ணாடி இழையின் கனம் 125 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி போகும் நடுப்பகுதிக்குக் கோர் என்று பெயர். மல்டி மோடு இழையில் கோர் 50 மைக்ரான். சிங்கிள் மோடில் ஏறத்தாழ 9 மைக்ரான்தான். அகலமான கோரில் ஒளி பல பாதைகளில் சிதறிப் போய், முன்னும் பின்னுமாக வந்து சேர்கிறது. அதனால் 10 ஜிகாபிட் வேகத்தில் ஓ.எம்.3 வகை மல்டி மோடு 300 மீட்டர் வரைதான் தாங்கும். அதே வேகத்தில் சிங்கிள் மோடு 10 கிலோமீட்டரை அலட்டிக்கொள்ளாமல் கடக்கும். உறையின் நிறமே வகையைச் சொல்லிவிடும்: பேட்ச் கார்டு மஞ்சளாக இருந்தால் சிங்கிள் மோடு, வெளிர்நீலமாக இருந்தால் மல்டி மோடு.

இந்த இழைக்கு ஒரு முன்கதை உண்டு. பஞ்சாபில் 1926இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, 1950களில் லண்டனில் கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டினார். கண்ணாடியில் உள்ள மாசை நீக்கினால் ஒளி நெடுந்தூரம் போகும் என்று 1966இல் சொன்னவர் சார்லஸ் காவோ. 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய சிங்கிள் மோடு இழையில், 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் அளவே ஒளி குறைகிறது.

இத்தனை சுத்தமான கண்ணாடி இருந்தும் லிங்க் லைட் எரியாமல் போவது ஏன்? தப்பு பெரும்பாலும் முனைகளில்தான் இருக்கும். ஸ்விட்ச்சில் நேரடியாக இழையைச் சொருக முடியாது. மின் சமிக்ஞையை ஒளியாக மாற்றும் எஸ்.எப்.பி. மாட்யூல் என்ற விரல் நீளத் துண்டை முதலில் சொருக வேண்டும். இரு முனை மாட்யூலும் வேகத்திலும் அலைநீளத்திலும் பொருந்த வேண்டும். இழை வகையும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 850, மறுபக்கம் 1310 நானோமீட்டர் என்று வாங்கிவிட்டால் வேலைக்கு ஆகாது. ஒற்றை இழையில் இருவழிப் போக்குவரத்து நடத்தும் பைடி வகையில் கதை தலைகீழ்: அங்கே இரு முனையும் வெவ்வேறு அலைநீளத்தில் ஜோடியாக இருந்தால்தான் வேலை செய்யும். சில நிறுவனங்களின் ஸ்விட்ச் வேறு பிராண்டு மாட்யூலை ஏற்காமல் முரண்டு பிடிப்பதும் உண்டு.

"அண்ணா, அந்தப் பக்கம் லைட் வருதுங்களா?" "வருது தம்பி, ஆனா லிங்க் எந்திரிக்கலீங்க." மாடிக்கும் குடோனுக்கும் இடையே இந்தப் போன் பேச்சு நடந்தால், இரட்டை இழையை மாற்றிச் சொருகிப் பார்ப்பது வழக்கம். ஒரு முனையின் அனுப்பும் துளை, மறுமுனையின் வாங்கும் துளைக்குத்தான் போக வேண்டும்.

இழைகளை ஒட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மேலுறையை உரித்து, ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கிறார் தொழிலாளி. கிளீவர் என்ற கருவியில் வைத்து ஓர் அமுக்கு. முனை நேராக வெட்டுப்படுகிறது. இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைஸிங் மெஷினில் எதிரெதிரே வைத்ததும், திரையில் இரண்டு கோடுகள் நகர்ந்து நேர்கோட்டுக்கு வருகின்றன. மின்பொறி ஒன்று கண்ணாடியை உருக்கி ஒட்டுகிறது. 0.02 டெசிபல் என்று இழப்பு தெரிந்தால் அடுத்த இழைக்குப் போகலாம். வெட்டி விழுந்த துணுக்குகளைத் தரையில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்க்கிறார். தோலில் ஏறினால் கண்ணாடித் துணுக்கைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

கனெக்டர் முனையில் விரல் பட்டாலும் தூசி உட்கார்ந்தாலும் 9 மைக்ரான் கோர் அடைபட்டுவிடும். பச்சை நிறக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாகவும், நீல நிறக் கனெக்டரின் முனை சாய்வில்லாமலும் தேய்க்கப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒளி வீணாகும். வெளிச்சம் வருகிறதா என்று முனையைக் கண்ணுக்கு நேரே பிடிப்பது ஆபத்து. மாட்யூல் அனுப்பும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விழித்திரையைச் சேதப்படுத்தக்கூடும்.

கட்டடத்துக்கு வெளியே போனால் எதிரி பொக்லைன்தான். குழாய்க்கோ சாக்கடைக்கோ ரோட்டைத் தோண்டும்போது கேபிள் அறுபடும். எத்தனை மீட்டரில் அறுந்தது என்பதை ஓ.டி.டி.ஆர். கருவி ஒளியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்துக் கணக்கிட்டுச் சொல்லும். தமிழ்நாட்டின் ஊராட்சிகளை இழையால் இணைக்கும் பாரத்நெட் பணியிலும் அறுபட்டதைத் தேடி ஒட்டுவது அன்றாட வேலை.

சொந்தக் கட்டடத்துக்குக் கேபிள் போடுபவர் நான்கு இழைக்குப் பதில் பன்னிரண்டு இழை உள்ளதைப் போட்டால் கேபிள் விலை சிறிதளவுதான் கூடும். பெரிய செலவு பள்ளம் தோண்டுவதில்தான். கேபிள் வந்து முடியும் எல்.ஐ.யூ. பெட்டியில் எந்த இழை எந்த ஸ்விட்ச்சுக்குப் போகிறது என்று எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் இழைக்கும், ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டர் காட்டும் அளவைக் கையெழுத்தோடு வாங்கிய பிறகு பில்லை செட்டில் செய்தால், அடுத்த முறை லிங்க் விழும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு கையில் இருக்கும்.