கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு: நம் பேரேட்டில் ஒரு கணக்கு



பெரிய கம்பெனிகள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில் 'சமூகப் பொறுப்பு', 'நீடித்த வளர்ச்சி' என்ற சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. குளம் வெட்டினோம், கழிப்பறை கட்டினோம், மரம் நட்டோம் என்று படங்களோடு அச்சிடுகிறார்கள். அவர்கள் சரக்கை மக்களிடம் கொண்டு சேர்ப்பவர்கள் நாம். ஆகவே இச்சொற்களின் பொருளை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நம் எல்லாக் கடைகளிலும் சரக்கு உள்ள இந்துஸ்தான் யூனிலீவரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

இந்த எண்ணம் புதிதல்ல. சன்லைட் சோப்பு இந்தியாவுக்கு வந்த அதே 1888-இல், அதன் முதலாளி வில்லியம் லீவர் லிவர்பூல் அருகே தம் தொழிலாளர்களுக்காகப் போர்ட் சன்லைட் என்ற ஊரையே கட்டத் தொடங்கினார். 2010-இல் யூனிலீவர் உலக அளவில் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. வியாபாரம் பெருகும், ஆனால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் பாதிப்பு பாதியாகும் என்றது. 2020-இல் திட்டம் முடிந்தபோது ஆலைகளுக்குள் நல்ல சிக்கனம் கண்டிருந்தது. ஆனால் சரக்கு வாங்கியவர் வீட்டில் செலவாகும் தண்ணீரும் எரிபொருளும் பாதியாகவில்லை. ஆலைக்குள் இருப்பதைத் திருத்தலாம். படி தாண்டிப் போனதைத் திருத்துவது கடினம்.

இனி கணக்குக்கு வருவோம். கம்பெனி செய்யும் நல்ல காரியங்களை மூன்று பக்கமாகப் பிரித்து எழுத வேண்டும்.

முதல் பக்கம், சட்டக் கடன். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 1-4-2014 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 100 கோடி என்றால் 2 கோடி. செலவிடாமல் மிஞ்சினால் தனிக் கணக்குக்கோ, அரசு குறிப்பிட்ட நிதிக்கோ மாற்றிவிட வேண்டும். ஆகவே அந்த 2 சதவீதம் வரை தர்மம் அல்ல. கட்டியே தீர வேண்டிய கடன்.

இரண்டாம் பக்கம், வியாபாரம். 2000-களின் தொடக்கத்தில் நல்கொண்டா மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் கொண்டு 'சக்தி' என்ற திட்டம் தொடங்கினார்கள். கிராமப் பெண்கள் வீடு வீடாகச் சோப்பும் ஷாம்பும் விற்றுச் சம்பாதித்தார்கள். நல்ல காரியந்தான். கூடவே லைன் வண்டி போகாத ஊருக்கும் சரக்கு போனது. இதில் தவறில்லை, இரு தரப்புக்கும் லாபம் தருவதுதான் நிலைக்கும். ஆனால் அதை வரவுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

மூன்றாம் பக்கம்தான் முக்கியம். அது விட்டுச் சென்ற பாக்கி. கொடைக்கானலில் இக்கம்பெனிக்கு ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. 2001-இல் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு காயலான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் உடல்நலத்துக்கு ஆலையால் கேடு இல்லை என்றே கம்பெனி சொல்லிவந்தது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016-இல்தான். கவனியுங்கள்: குறை வெளிப்பட்ட இடம் அறிக்கை அல்ல, ஒரு சிறு வியாபாரியின் கடை.

நம் கடைப் பாக்கியும் உண்டு. ஷாம்பு பாக்கெட் நம் தமிழ்நாட்டில் கடலூரில் பிறந்து வளர்ந்த சரக்கு. ஏழையும் ஒரு வேளைக்கு வாங்க முடிந்தது. நமக்கும் வியாபாரம் ஓடியது. ஆனால் எங்கள் மொத்தக் கடையில் காலி அட்டைப்பெட்டிக்கு ஆள் வருகிறார்; காலி பாக்கெட்டை எவரும் தொடுவதில்லை. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அந்த உறையைப் பிரித்து மறுபடி பயன்படுத்துவது கடினம். பெரும்பாலும் சிமெண்ட் ஆலையில் எரிக்கிறார்கள்.

1-1-2019 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது, கேரி பேக்குக்கு அபராதம் கட்டியவர்கள் நம்மில் பலர். ஆலையிலேயே அடைத்து வரும் உறைக்கு அந்த ஆணையில் விலக்கு இருந்தது. பிறகு மத்திய அரசு 2022-இல் விதியை இறுக்கி, உற்பத்தியாளர் தாம் விற்கும் பிளாஸ்டிக் உறைகளின் எடைக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றது. 2023-24-இல் அது முழு நூறு சதவீதமாயிற்று. ஆனால் எடைக்குத்தான் சான்று. எந்தத் தெருவில் எடுத்தார்கள் என்பதற்கு அல்ல. எங்கோ ஓர் ஊரில் டன் கணக்கில் எடுத்துச் சான்று பெற்றாலும், நம் கடை வாசல் சாக்கடை அடைந்தபடியே கிடக்கும்.

எனவே ஏஜென்ஸி சேல்ஸ்மேனிடம் ஸ்கீம் கேட்கும்போது, காலி உறையை எடுக்க நம் ஊரில் என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். தனிக்கடை கேட்டால் பதில் வராது. ஊர்ச் சங்கம் எழுத்தில் கேட்டால் வரும். நாமும் கடையில் ஒரு சாக்கு கட்டி வைத்து, திரும்பி வரும் உறைகளைச் சேர்க்கலாம். லாபத்தில் பங்கு பெற்ற நமக்கு அந்தப் பொறுப்பிலும் பங்கு உண்டு. நம் பக்கத்துக் கணக்கு சுத்தமாக இருந்தால்தான் அவர்கள் பக்கத்துப் பாக்கியை நிமிர்ந்து கேட்க முடியும்.