ஒற்றைத் தலைவலி: அளவல்ல, சரிவு

முகத்துக்கும் மூளையுறைக்கும் உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பின் முனைகளில் வெளிப்பட்டு இரத்தக் குழாய்களை விரிக்கும் சிஜிஆர்பி என்னும் பொருளுக்கு ஒற்றைத் தலைவலியில் பங்கு உண்டு. அந்த நரம்பு பெண்களிடம் கூடுதலாகக் கிளர்வது ஏன் என்பதே இப்போதைய கேள்வி. பூப்பெய்தும் பருவத்துக்கு முன் சிறுவர், சிறுமியர் இருவரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்படும் இந்நோய், அதன்பின் பெண்களிடம் வேகமாகப் பெருகுகிறது; அமெரிக்காவின் பெரிய கணக்கெடுப்புகளில் பெண்களில் சுமார் 18 விழுக்காட்டினரும் ஆண்களில் சுமார் 6 விழுக்காட்டினரும் இதற்கு ஆளாகியிருந்தனர்.

பெண்மைக்குரிய இயக்குநீரான ஈஸ்ட்ரோஜன் மிகுவதே காரணம் என்று எண்ணத் தோன்றும். அப்படியானால் அது பன்மடங்கு உயரும் கர்ப்பகாலத்தில் வலி உச்சத்தை எட்டவேண்டும். ஆனால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் பெரும்பாலோருக்கு வலி தணிந்து, பிரசவத்துக்குப் பின் திரும்புகிறது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் பிரையன் சோமர்வில். மாதவிடாயை ஒட்டித் தவறாமல் தலைவலி வரும் பெண்கள் சிலருக்கு, விடாய்க்கு முந்தைய நாள்களில் அவர் புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டார்; உதிரப்போக்கு தள்ளிப்போனது, தலைவலியோ பெரும்பாலோருக்கு வழக்கமான நாளிலேயே வந்தது. அடுத்து எஸ்ட்ரடையால் என்னும் ஈஸ்ட்ரோஜனைச் செலுத்தியபோது உதிரம் உரிய நாளில் வந்தது, தலைவலி மட்டும் சில நாள்கள் தள்ளிப்போனது. ஒன்றோடொன்று பிணைந்தவை என்று தலைமுறை தலைமுறையாக நம்பப்பட்ட இரண்டு நிகழ்வுகள் இரண்டே ஊசிகளால் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. 1971, 1972ஆம் ஆண்டுகளில் வெளியான இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே என்றாலும், கேள்வியை இவ்வளவு துல்லியமாக வகுத்துக்கொண்ட சோதனைகள் மருத்துவத்தில் அரிது. ஈஸ்ட்ரோஜன் சில நாள்களாவது உயர்ந்து நின்று, பிறகு சரிந்தால்தான் வலி தூண்டப்படுகிறது என்பதையும் அவரே பின்னர் காட்டினார். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை நிறுத்தும் ஏழு நாள் இடைவெளியில் பலருக்குத் தலைவலி வருவதும், மாதவிடாய் நிற்கப்போகும் ஆண்டுகளில் இயக்குநீர் ஏறியிறங்கும்போது வலி மிகுவதும், முற்றிலும் நின்றபின் பலருக்கு அடங்குவதும் இந்த ஒரே விதியின் கீழ் வந்துவிடுகின்றன.

நெதர்லாந்தில் ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை பெற்ற திருநங்கையரை ஆராய்ந்து 2004இல் வெளியான கட்டுரையும் இங்கே குறிப்பிடத்தக்கது. அவர்களுள் 26 விழுக்காட்டினருக்கு ஒற்றைத் தலைவலி இருந்தது. அந்நாட்டில் பிறப்பால் பெண்களாக உள்ளோரிடம் காணப்படும் அளவும் ஏறக்குறைய அதுவே. எனவே இவ்வேறுபாட்டைக் குரோமோசோம்களின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். வலிக்கு முன் கண்ணெதிரே மின்னும் வளைகோடுகளோ பார்வையில் மறைவோ தோன்றும் ‘ஆரா’ வகை நோயுள்ள பெண்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டுவதால், உலக சுகாதார நிறுவனம் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. அத்தகைய அறிகுறி உள்ளவர்கள், மாத்திரை எழுதும் மருத்துவர் கேட்காவிட்டாலும் தாமாகவே அதைச் சொல்லிவிட வேண்டும்.