கடை சைக்கிளும் சாலை விதியும்

கடைக்கு ஒரு மொபெட் வாங்கினால் பதிவு எண் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். சரக்கு வேன் என்றால் எஃப்.சி.யும் சேரும். சைக்கிளுக்கு இவை எதுவும் தேவையில்லை. விலை கொடுத்து வாங்கி, கேரியரைப் பூட்டி, அன்றைக்கே கடைப் பையனிடம் சரக்கைக் கொடுத்து அனுப்பிவிடலாம். பெட்ரோல் செலவு இல்லை. சந்து பொந்துக்குள்ளும் போகும். நிறுத்த இடம் தேட வேண்டாம். மளிகை வியாபாரத்துக்கு இதைவிடச் சிக்கனமான வாகனம் இல்லை என்பது நாம் எல்லோரும் அறிந்ததே.

ஆனால் இந்த வசதிக்குள்ளேயே ஒரு குறையும் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கப் போகிறவர் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். சாலைக் குறிகளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். சைக்கிள் ஓட்டுகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. கிராமத்திலிருந்து புதிதாக வேலைக்கு வரும் ஒருவர் நகரத்துச் சிக்னலை முதன்முதலாகச் சந்திப்பதே நம் கடைச் சரக்கோடுதான். அவருக்கு விதிகளைச் சொல்லித்தர முதலாளியை விட்டால் வேறு ஆள் இல்லை. அந்த விதிகள் என்ன, அவை ஏன் வந்தன, மீறினால் யார் தலையில் விடியும் என்பதை இங்கே பார்ப்போம்.

சைக்கிளுக்குச் சட்டம் இல்லையா?

"சைக்கிளுக்கு ஏதய்யா சட்டம்?" என்று கேட்பவர்கள் நம்மில் பலர். சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை மாட்டிய காலமும், இரவில் விளக்கில்லாமல் போனால் காவலர் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிட்ட காலமும் மூத்த வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். அவை மறைந்ததால் சட்டமே மறைந்துவிட்டது என்ற எண்ணம் வந்துவிட்டது. அது சரியல்ல.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகாது. அதனால்தான் பதிவும் லைசென்ஸும் கேட்கப்படுவதில்லை. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, பொதுவழியில் உயிருக்கு ஆபத்து வரும்படி அசட்டையாக எந்த வாகனத்தை ஓட்டினாலும் குற்றம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவும் இதையேதான் சொன்னது. மோட்டார் இருந்தால்தான் குற்றம் என்று இரண்டிலும் இல்லை. கவனக்குறைவால் ஒரு உயிர் போய்விட்டால் 106ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

பாட்டரி சைக்கிள் வாங்கும் உறுப்பினர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால்தான் அதற்குச் சைக்கிளுக்குரிய விலக்கு கிடைக்கும். அந்த அளவைத் தாண்டினால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். விற்பவர் வாய்வார்த்தையை மட்டும் நம்பாமல், திறனையும் வேகத்தையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

எதிர்த்திசையில் போவது ஏன் ஆபத்து?

நம் ஊழியர்கள் அதிகம் மீறும் விதி இதுதான். கடை சாலையின் ஒரு பக்கம், வாடிக்கையாளர் வீடு அதே பக்கம் கொஞ்சம் பின்னால். சுற்றிக்கொண்டு வரச் சோம்பல்பட்டு ஓரமாகவே எதிர்த்திசையில் போய்விடுகிறார்கள். "எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிகிறதே, பின்னால் வந்து இடிப்பதைவிட இது மேல்தானே?" என்றும் சொல்வார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டரிலும் வேன் 40 கிலோமீட்டரிலும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே திசையில் போனால் வேன் சைக்கிளை நெருங்கும் வேகம் 25தான். எதிரெதிரே வந்தால் அது 55. டிரைவருக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வேன் ஒரு வினாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். டிரைவர் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த ஒரு வினாடி கழிந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து சந்து முனையில் இருக்கிறது. சந்திலிருந்து மெயின் ரோட்டில் இடப்பக்கம் திரும்பும் ஆட்டோவோ காரோ, வலப்பக்கத்தைப் பார்த்துத்தான் திரும்பும். வண்டிகள் அங்கிருந்துதான் வர வேண்டும். இடப்பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் வரும் சைக்கிளை அந்த டிரைவர் எதிர்பார்ப்பதே இல்லை.

சிக்னலுக்கும் இதே கணக்குத்தான். சிவப்பு விளக்கில் சைக்கிள் நுழையும்போது குறுக்கே பச்சை கிடைத்தவர் நம்பிக்கையோடு வேகமெடுத்து வருகிறார். சாலை விதி என்பது அடுத்தவர் என்ன செய்வார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு. அதில் ஒருவர் தவறினால் மற்றவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பயனில்லை.

லாரியின் இடப்பக்கம்

மதுரை கீழமாசி வீதியானாலும், திருச்சி காந்தி மார்க்கெட்டானாலும், சென்னை கொத்தவால் சாவடியானாலும் லோடு லாரியும் டிரைசைக்கிளும் சைக்கிளும் ஒரே தெருவில்தான் நெருக்கியடிக்கின்றன. அங்கே வேலை செய்பவர்கள் லாரியைப் பற்றி இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, டிரைவர் வலப்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். லாரியின் இடப்பக்கத்தை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணில் படாது. இரண்டு, லாரி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது. அதைவிட உள்ளே தள்ளி, ஓரத்தை ஒட்டி வரும். முன்பக்கம் விலகிப் போகிறதே என்று இடைவெளியில் நுழைபவர் பின்சக்கரத்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார். ஆகவே சிக்னலிலும் திருப்பத்திலும் லாரி, பஸ்ஸின் இடப்பக்கம் புகக் கூடாது; பின்னால் நிற்க வேண்டும். டிரைவரின் முகம் கண்ணாடியில் நமக்குத் தெரியவில்லை என்றால் நாமும் அவருக்குத் தெரியவில்லை என்று பொருள்.

சுமையும் பிரேக்கும்

சைக்கிள் செய்யப்பட்டது ஒரு ஆளுக்காக. நாம் கேரியரில் அரிசி மூட்டையை ஏற்றி, கைப்பிடியின் இருபக்கமும் எண்ணெய் டின்னை மாட்டி அனுப்புகிறோம். பின்னால் பாரம் ஏறினால் முன்சக்கரம் இலேசாகி, கைப்பிடி ஆட்டம் கொடுக்கும். கைப்பிடியில் டின் தொங்கினால் வண்டி சட்டென்று திரும்பாது. பிரேக்கைப் பிடிக்கவும் கைக்கு வசதி இராது. பாரம் கூடக்கூட நிற்கும் தூரமும் கூடும். மழையில் ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். விதிப்படி நிற்க நினைத்தாலும் நிற்க முடியாத வண்டியைக் கொடுத்துவிட்டு ஊழியரைக் குறை சொல்வது நியாயமாகாது.

அதேபோல, "போனதும் வந்துவிட வேண்டும்" என்று நாம் போடும் அவசரமும் அவரோடுதான் சாலைக்குப் போகிறது. செல்போனில் ஆர்டர் எடுத்து நிமிடக் கணக்கில் கொடுப்பவர்களோடு போட்டி இருக்கிறது, உண்மைதான். சரக்கை முன்கூட்டியே பொட்டலம் கட்டித் தயாராக வைத்தால் கடைக்குள்ளேயே ஐந்து நிமிடம் மிச்சமாகும். அந்த நிமிடங்களைச் சிவப்பு விளக்கில் சம்பாதிக்கச் சொல்லக் கூடாது.

ஊழியருக்குச் சொல்ல வேண்டியவை

1. எப்போதும் இடப்பக்கம். நூறு அடி தூரமானாலும் எதிர்த்திசை கூடாது. அவசியமானால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும்.

2. சிவப்பு விளக்கில் கோட்டுக்கு முன்பே நிற்க வேண்டும்.

3. வலப்பக்கம் திரும்பும் முன் பின்னால் பார்த்து, வலக்கையை நீட்டிக் காட்ட வேண்டும். நெரிசலான சாலையில் இறங்கி நடந்து கடப்பதே மேல்.

4. நிற்கும் கார்களை உரசிப் போகக் கூடாது. கதவு திறந்தாலும் படாத அளவு விலகிப் போக வேண்டும்.

5. வளைந்து நெளிந்து போகாமல் ஒரே நேராகப் போக வேண்டும். ஓட்டும்போது செல்போன் கூடாது.

6. இரவில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு அல்லது ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும். மூட்டை பின் ரிஃப்ளெக்டரை மறைத்தால் மூட்டையிலேயே ஒரு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை ஒட்டிவிடலாம்.

வண்டி ஓட்டும் நாமும்

சாலை விதி ஒருபக்க ஒப்பந்தம் அல்ல. நம்மில் பலர் காரோ வேனோ இருசக்கர வாகனமோ ஓட்டுகிறோம். சைக்கிள்காரர் இடைஞ்சலாகப் போகிறார் என்று அலுத்துக்கொள்கிறோம். பள்ளத்துக்கும் மணலுக்கும் பயந்துதான் அவர் சற்று உள்ளே வருகிறார் என்பதை நினைப்பதில்லை. சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் குறைந்தது 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று பிரான்ஸ் நாட்டில் சட்டமே இருக்கிறது. நாம் அதை ஒரு வழக்கமாகவாவது வைத்துக்கொள்ளலாம். அந்த இடம் இல்லாவிட்டால் சில வினாடி பொறுத்து முந்தலாம். முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரனை அலறவிட்டால் சுமையோடு போகிறவர் தடுமாறி விழுவார். கார்க் கதவை இடக்கையால் திறக்கப் பழகினால் உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும்.

கடை வாசலையும் பார்க்க வேண்டும். நாம் சாலையில் அடுக்கும் மூட்டையும், வைக்கும் போர்டும், மணிக்கணக்கில் நிற்கும் லாரியும் சைக்கிளில் வருபவரை நடுரோட்டுக்குத் தள்ளுகின்றன. அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. பொதுவழியில் தடை ஏற்படுத்தினால் சன்ஹிதாவின் 285ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பழைய சட்டத்தில் இது 200 ரூபாயாக இருந்தது. பள்ளி விடும் நேரத்தில் லோடு இறக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

விபத்து நேர்ந்தால்

கடை வேலையாகப் போன ஊழியர் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே நிலைத்துவிட்ட கொள்கை. மோட்டார் வாகனம் மோதியிருந்தால் அதன் இன்சூரன்ஸிலிருந்து தீர்ப்பாயம் மூலம் இழப்பீடு கேட்கலாம். ஆனால் நம்மவர் எதிர்த்திசையில் வந்தார் என்று நிரூபணமானால், அவர் தவறின் அளவுக்குத் தொகை குறையும். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் என 2022 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்டது.

நம் சைக்கிள் நடந்து போகும் ஒரு முதியவரை இடித்துவிட்டால்? பெரும்பாலான கடை சைக்கிள்களுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. கடை வேலையில் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பு என்பதால் பணம் நம் கல்லாவிலிருந்தே போக வேண்டும்.

அடிபட்டவரை முதலில் 108 மூலம் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. உதவி செய்தவர் மீது வழக்கு வருமோ என்ற பயம் வேண்டாம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பிறகு தாமதிக்காமல் காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்து நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் இழப்பீடு பெறுவது சிரமம்.

தராசுக்கும் எடைக்கல்லுக்கும் தவணை தவறாமல் முத்திரை வைத்துக்கொள்கிறோம். கடை சைக்கிளின் பிரேக்கையும் விளக்கையும் வாரம் ஒருநாள் பார்க்க ஐந்து நிமிடம் போதும். புதிதாகச் சேரும் ஊழியரை முதல் இரண்டு நாள் அனுபவமுள்ளவரோடு சேர்த்து அனுப்பி, வழியையும் சிக்னலையும் பழக்கிவிட்டுச் சுமையைக் கொடுக்கலாம். சரக்கு வாடிக்கையாளர் வீட்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் ஒரு வார்த்தை சொல்லிச் சமாளித்துவிடலாம். நம்மை நம்பி வேலைக்கு வந்தவர் வீடு திரும்பாவிட்டால் அவர் வீட்டாருக்கு நாம் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.